பழைய மண்டபத்துக்கு எந்த ஹீற்றிங் நல்லது? மூன்று விலைமதிப்பு கையில், ஒன்றும் புரியவில்லை

பொருளாளர்79:
வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்கு வெளியே எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் இருக்கிறது. முன்பு ஒரு தேவாலயத்தின் மண்டபமாக இருந்தது, நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் கட்டிடம். பெரிய மண்டபம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், உயரம் ஐந்தரை மீற்றர். மேலே பலகைச் சீலிங், அதற்கு மேலே வெறும் ஓட்டுக் கூரை. யன்னல் எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. பின்பக்கம் மூன்று வகுப்பறைகளும் ஒரு சமையலறையும், அங்கே சீலிங் சாதாரண வீட்டு உயரம்தான். வெள்ளி மாலை மிருதங்க வகுப்பு, சனி காலை 9 முதல் 1 வரை தமிழ்ப் பள்ளி, மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறுகளில் கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, அந்தியேட்டி என்று ஏதாவது நடக்கும். மற்ற நாட்களில் பூட்டித்தான் கிடக்கும்.

எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கி அறைகளில் உள்ள றேடியேற்றர்களுக்கு அனுப்பும் பொயிலர் 60 கிலோவாற், வார்ப்பிரும்பு, எனக்கு முன்னால் இருந்த பொருளாளருக்கும் அதன் வயது தெரியாது. ஜனவரி மாத எரிவாயு பில் 840 பவுண். இவ்வளவு கட்டியும் சனிக்கிழமை பிள்ளைகள் ஜக்கெற் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஞாயிறு விழா என்றால் வியர்த்துப்போய் யன்னலைத் திறக்கிறோம். பொருளாளர் என்றால் காசுக்கணக்கு மட்டும் என்று நம்பி ஒப்புக்கொண்ட எனக்கு இது தேவைதான்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் அதே 60 கிலோவாறில் புதுக் காஸ் பொயிலர், 14,000 பவுண். இரண்டாவது ஆள் ஹீற் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் இயந்திரம்), 52,000, அரசாங்க உதவி கழிக்க முன்னம். மூன்றாவது, சுவரில் மாட்டும் இன்ஃப்ராறெட் பலகைகள், மொத்தம் 28 கிலோவாற், 11,000. மூன்று பேருமே தங்களுடையதுதான் ஆகச் சிக்கனம் என்கிறார்கள். எதை எடுப்பது?

குழாய்க்காரன்:
தம்பி, நான் இந்த நாட்டில் 18 வருடமாகக் காஸ் வேலை செய்கிறவன். மூன்று விலைமதிப்பிலும் ஒரு விசயம் இல்லையென்று பந்தயம் கட்டுவேன்: உங்கள் மண்டபம் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்ற கணக்கு. பழைய பெட்டியில் 60 என்று எழுதியிருக்கிறது, ஆகவே புதுசும் 60. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

நீங்கள் தந்த அளவை வைத்துப் பெரிய மண்டபத்துக்கு மட்டும் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே மைனஸ் 3, உள்ளே 19 என்று வையுங்கள், 22 பாகை வித்தியாசம். யன்னல் எல்லாம் சேர்த்து 35 சதுர மீற்றர் என்று நானே எடுத்துக்கொண்டேன். நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவரால் ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோவாற் போகும். கூரையால் எட்டு. யன்னலால் நாலு, தரையால் இரண்டு. மணிக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாறுகிறது என்றால் அதற்கு ஆறரை. கூட்டினால் 32. அதுவும் இங்கே வருடத்தில் சில நாட்கள்தான் வரும் குளிருக்கு. குளிர்ந்து கிடக்கும் கட்டிடத்தைச் சூடாக்க மேலதிகமாகக் கொஞ்சம் வேண்டும், பின்பக்க அறைகளுக்கும் வேண்டும், அது வேறு. ஆனாலும் பெரும்பாலான நாட்களில் உங்களுக்கு 60 கிலோவாற் எதற்கு?

இனி ஞாயிற்றுக்கிழமை வியர்வைக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் 100 வாற் அளவில் வெப்பம் விடுவார். 150 பேர் வந்தால் 15 கிலோவாற், இலவசமாக! வெளியே 7 பாகை என்றால் உங்கள் மண்டபத்துக்குத் தேவையே 17 அல்லது 18 கிலோவாற்தான். அதாவது விருந்தாளிகளே கிட்டத்தட்ட உங்கள் பொயிலர். அந்த நேரத்தில் பொயிலரும் ஓடினால் யன்னலைத் திறக்காமல் என்ன செய்வீர்கள்.

முதல் வேலை சீலிங்குக்கு மேலே 270 மில்லிமீற்றர் தடிப்பில் சூட்டைக் காக்கும் கம்பளி போடுங்கள். கூரையால் போகும் எட்டு ஒன்றுக்குக் கீழே இறங்கும். எந்தப் பெட்டி வாங்கினாலும் அதன் பிறகு வாங்குங்கள். இன்னொன்று, இது பகிடி இல்லை: பழைய பொயிலர் அறையில் குழாய்களைச் சுற்றி வெள்ளையாக ஏதாவது பூசியிருந்தால் யாரையும் தொட விடாதீர்கள். அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம், அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து, இந்த நாட்டில் அது முழுவதுமாகத் தடையானது 1999இல்தான். முதலில் அதைப் பரிசோதிப்பிக்க வேண்டும், பொது மண்டபம் என்றால் அது உங்கள் நிர்வாகத்தின் சட்டப் பொறுப்பு.

மியூனிக்_மதுரைக்காரன்:
நண்பரே, இந்தக் காலத்துல போய் யாராவது புதுசா காஸ் பாய்லர் வாங்குவாங்களா? இங்கே ஜெர்மனியில் 2024லிருந்து புதுக் குடியிருப்புப் பகுதிகளில் கட்டும் வீட்டுக்கு ஹீட்டிங் வைத்தால் குறைந்தது 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் ஹீட் பம்ப்தான். தரைக்கு அடியில் குழாய், தண்ணீர் 35 டிகிரிக்கு மேல் போவதே இல்லை, ஒரு யூனிட் கரண்டுக்கு நாலு யூனிட் வெப்பம் வருகிறது. பகல் ராத்திரி என்று நிறுத்தாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், வீடு முழுக்க ஒரே சூடு. 52,000 பெரிய தொகைதான், ஆனால் உங்கள் ஊரிலும் மானியம் இருக்கிறதே. கண்ணை மூடிக்கொண்டு ஹீட் பம்ப் எடுங்கள்.

குழாய்க்காரன்:
மதுரைக்காரத் தம்பி, உங்கள் வீட்டுக்கு நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஹீற் பம்புக்கு நான் எதிரி இல்லை, என் வீட்டிலும் அதுதான். ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "நிறுத்தாமல் மெதுவாக ஓடும்" என்று. இவர்களுடைய மண்டபத்தில் வாரத்துக்கு 168 மணித்தியாலத்தில் ஆட்கள் இருப்பது பதினைந்து கூட வராது. மிச்ச நேரம் யாருக்காக ஓட்டுவது, எலிக்கா?

அடுத்தது அந்தப் பழைய றேடியேற்றர்கள். றேடியேற்றர் ஒன்று இத்தனை வாற் என்று கடையில் சொல்வது, தண்ணீருக்கும் அறைக்கும் 50 பாகை வித்தியாசம் இருக்கும்போது. ஹீற் பம்பில் 45 பாகைத் தண்ணீர் விட்டால் அதில் நாற்பது வீதம்கூடக் கிடைக்காது. ஆகவே எல்லாவற்றையும் பெரிதாக மாற்ற வேண்டும், குழாயும் சேர்த்து, 52,000 வந்தது அதனால்தான் இருக்கும். மாற்றாமல் தண்ணீரை 60க்கு ஏற்றி ஓட்டினால் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு மூன்று யூனிற் வெப்பம்கூட வராது. இவர்கள் மின்சாரத்துக்கு யூனிற்றுக்கு 26 பென்ஸ், எரிவாயுவுக்கு 7 பென்ஸ் கொடுக்கிறார்கள் என்று வைத்தால், 90 வீதம் திறனோடு ஓடும் காஸ் பொயிலரோடு சமனாக வரவே ஹீற் பம்ப் ஒன்றுக்கு 3.3 தர வேண்டும்.

உதவித்தொகை விசயம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஒக்ரோபரில் இருந்து 7,500 பவுண். 45 கிலோவாற் வரை, வீடு இல்லாத சின்னக் கட்டிடங்களுக்கும் உண்டு. விண்ணப்பத்தை, ஹீற் பம்பைப் பூட்டிப் பொருத்துகிற ஆள்தான் போட வேண்டும். கழித்தாலும் 44,500. அந்தக் காசில் கூரை, யன்னல் எல்லாம் செய்து மிச்சமும் பிடிக்கலாம்.

வாணி_ரீச்சர்:
நான் வேறு ஊரில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்களுக்கும் இதே கதை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் கிலோவாற் கணக்கில் இருக்கிறீர்கள், சனிக்கிழமை பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பறையில்தானே? பெரிய மண்டபத்தில் காலை ஒன்றுகூடல் பத்து நிமிடம், இடைவேளைக்கு ஓடித் திரிவார்கள், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஐந்தரை மீற்றர் உயர மண்டபத்தைச் சூடாக்கினால் சூடு எல்லாம் சீலிங்கில் போய் நிற்கும், கீழே பாலர் வகுப்புக்கு மூக்கு வழியும்.

எங்கள் நிர்வாகம் மூன்று வருடம் கூட்டம் போட்டுப் பேசியபின், வகுப்பறைகளுக்கு மட்டும் அறைக்கு ஒன்றாக, ஊரில் ஏசி என்போமே, அதே பெட்டியைப் பூட்டினார்கள். அதுவும் ஹீற் பம்ப்தான், தண்ணீருக்குப் பதில் நேரே காற்றைச் சூடாக்குகிறது. அரை மணித்தியாலத்தில் அறை சூடாகிவிடும். ஜூன் மாதப் பரீட்சை நேரம் குளிராகவும் வைக்கலாம், அது பெரிய வரம். குறை இல்லாமல் இல்லை. விலை குறைந்தது என்று ஒருவர் வாங்கித் தந்த பெட்டி அப்படிச் சத்தம் போட்டது, சொல்வதெழுதல் வைத்தால் லகரமும் ளகரமும் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. எனக்கே சில நேரம் கேட்கவில்லை. அதை மாற்றி மெதுவாகச் சுழலும் வகை வைத்தபிறகுதான் சரி வந்தது. வாங்கும்போது டெசிபெல் எவ்வளவு என்று கேளுங்கள்.

குழாய்க்காரன்:
ரீச்சர் சொன்னதுதான் சரியான விடை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. வகுப்பறையையும் மண்டபத்தையும் ஒரே குழாயில் கட்டி வைத்திருப்பதுதான் உங்கள் நோய், பொருளாளர். இரண்டையும் பிரியுங்கள். வகுப்பறைக்கு ரீச்சர் சொன்ன பெட்டி. பூட்டுகிறவரிடம் குளிரூட்டி வாயு கையாளும் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், வெளிப் பெட்டியை வைக்கக் கவுன்சிலின் அனுமதி தேவையா என்றும் கேளுங்கள். பழைய தேவாலயக் கட்டிடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கவும் கூடும்.

இன்ஃப்ராறெட் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அது காற்றை விட்டுவிட்டு ஆட்களை நேரே சூடாக்கும், உயரமான, எப்போதாவது மட்டும் ஆட்கள் வருகிற இடங்களுக்குப் பொருந்தும். தலை கொதிக்கும், கால் குளிரும், அது ஒரு கரைச்சல். அதைவிடப் பெரிய கரைச்சல், உங்களுக்கு வரும் மின்சாரம் ஒற்றை இணைப்பா மூன்று இணைப்பா (சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா)? ஒற்றை என்றால் 100 அம்பியரில் மொத்தமே 23 கிலோவாற்தான். 28 கிலோவாற் பலகையையும் சமையலறையில் வடை பொரிக்கும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் கலியாணவீடு இருட்டில் நடக்கும். அந்த மூன்றாவது ஆள் மீற்றர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தவரா?

மண்டபத்துக்குப் புதுக் காஸ் என்றால் 60இல் ஒன்றை விட்டு, 20 அல்லது 25இல் இரண்டு வையுங்கள். லேசான குளிருக்கு ஒன்று ஓடும், மற்றது தூங்கும், ஒன்று பழுதானாலும் விழா நடக்கும். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி ஒடுங்கி அந்த 90 வீதம் கிடைக்கும், 80இல் வைத்து ஓட்டினால் பெட்டியில் எழுதியிருக்கும் எண் வெறும் எண்தான். பழைய குழாயில் சேறு நிறைய இருக்கும், கழுவாமல் புதுப் பொயிலரைக் கொழுவ விடாதீர்கள். வருகிறவரின் காஸ் சேஃப் (காஸ் வேலைக்கான பதிவு) அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், என்னென்ன வேலை செய்யத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

ஆனால் எதையும் வாங்க முன்னம் ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிறு இரவு பூட்டும்போது காஸ் மீற்றரைப் படம் எடுங்கள். வெள்ளி மாலை திறக்கும்போது இன்னொரு படம், பூட்டிக் கிடந்தபோது எவ்வளவு ஓடியது என்று தெரியும். ஒரு கன மீற்றர் காஸ் ஏறத்தாழ 11.2 யூனிற் (கிலோவாற்-மணி). பழைய மீற்றர் என்றால் கன அடியில் காட்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கன்:
ஹீற்றிங் தெரியாது, பில் தெரியும். உங்கள் சங்கம் அறக்கட்டளையாகப் பதிவு என்றால், பில்லில் வற் வரி 20 வீதமா 5 வீதமா என்று பாருங்கள். வியாபாரம் அல்லாத பயன்பாடு 60 வீதமோ அதற்கு மேலோ என்றால் முழு பில்லுக்கும் 5 வீதம்தான், ஆனால் நீங்களாகப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், அவர்களாகத் தரமாட்டார்கள். மண்டபத்தை வாடகைக்கு விடுவது அதிகம் என்றால் கணக்கு மாறும், அதை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். ஹீற் பம்ப் பூட்டும் கூலிக்கும் பொருளுக்கும் 2027 மார்ச் 31 வரை வரி பூச்சியம். வீடுகளுக்கு இருந்த இந்தச் சலுகையை 2024 பெப்ரவரியில் இருந்து அறக்கட்டளைக் கட்டிடங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

ரொறன்ரோ_தம்பு:
மைனஸ் 20இல் இருந்து எழுதுகிறேன். மைனஸ் 3க்கா இவ்வளவு கூட்டம்? 😄 இங்கே மண்டபம் என்றால் ஃபேர்னஸில் சூடான காற்றை ஊதிவிடுவார்கள், இருபது நிமிடத்தில் ஜக்கெற்றைக் கழற்றலாம். அண்ணை, அந்தச் சீலிங்கில் மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி இரண்டு போட்டு மேலே நிற்கும் சூட்டைக் கீழே தள்ளிப் பாருங்கள், மலிவான வேலை.

பொருளாளர்79:
எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன், வெறுங்கையோடு இல்லை.

குழாய்க்காரன் அண்ணை சொன்னபடி ஞாயிறு இரவு 10 மணிக்கும் வெள்ளி மாலை 6 மணிக்கும் மீற்றரைப் படம் எடுத்தேன். இடையில் ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. ஓடியது 150 கன மீற்றர்! 1,680 யூனிற், எங்கள் விலையில் 117 பவுண் 60 பென்ஸ். ஒரு வாரத்துக்கு. பூட்டிய கட்டிடத்துக்கு.

காரணத்தையும் கண்டுபிடித்தேன். சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்தில், குளிர்காற்று நேரே வந்து அடிக்கும் இடத்தில், சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்கப் பொயிலரைத் தானாக எழுப்பும் காவல் பெட்டியாம். அது 5இல் இருக்க வேண்டியது, 15இல் இருந்தது. சமையலறையில் நிற்கும் யாரோ குளிருக்குத் திருகியிருக்க வேண்டும். எந்த வருடம் என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் சொன்னபோது மூன்று பேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

5க்கு இறக்கிவிட்டேன். யாரும் தொடாமல் மேலே ஒரு மூடியும் போட்டாயிற்று. மின்சாரம் ஒற்றை இணைப்புத்தான், ஆகவே 28 கிலோவாற் பலகைக் கதை முடிந்தது. அஸ்பெஸ்ரஸ் பார்க்க வருகிற ஆளுக்கு நாள் குறித்திருக்கிறோம், அதன் பிறகு சீலிங் கம்பளி. வகுப்பறைகளுக்கு ரீச்சர் சொன்ன பெட்டிக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்கிறேன், டெசிபெல்லோடு. கோடைக்கு முன்னம் அந்த 14,000 பவுண் பொயிலருக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று கூட்டத்தில் முடிவு.

வாணி_ரீச்சர்:
நல்லது. ஆனால் ஒன்று யோசித்தீர்களா? இவ்வளவு நாளும் வாரம் முழுக்க அந்தப் பெட்டி அரைகுறையாகச் சூடாக்கி வைத்திருந்தும் பிள்ளைகளுக்குக் குளிர்ந்தது. இனிச் சுவர் 5 பாகையில் கிடந்தால் சனி காலை எப்படி இருக்கும்?

குழாய்க்காரன்:
அதுதான் கேள்வி. வகுப்பறைப் பெட்டி வரும்வரைக்கும் காவல் பெட்டியை 8இல் வையுங்கள், அந்தத் தடித்த சுவரும் மிருதங்கமும் ஈரம் பிடிக்காமல் இருக்கும். சனிக்கிழமை பொயிலரை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. இந்தக் கிழமை காலை 5 மணிக்குப் போடுங்கள், ஒரு வெப்பமானியை வகுப்பறையில் பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் வைத்து அரை மணிக்கு ஒருதரம் எழுதுங்கள். 17 எப்போது வருகிறது என்று பார்த்து, அடுத்த கிழமை அதற்கேற்ப மாற்றலாம். நேரமானியில் குறித்து வைத்தால் போதும், நீங்கள் போகத் தேவையில்லை.

பொருளாளர்79:
அந்த நேரமானியில் பாதி ஊசி உடைந்து கிடக்கிறது அண்ணை. சனி காலை 5 மணிக்கு நான்தான் போக வேண்டும். வெப்பமானி வாங்கிவிட்டேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மத்தியானம் எண்களோடு வருகிறேன்.